தொகுத்தோரும் தொகுப்பித்தோரும்: பணிசெயல் முறைமையின் இயல்புநிலை நிறுவல் பற்றிய ஒரு நோக்கு

தொகை நூல் ஒன்றினை ஆராயப் புகுவோர் முதலில் எழுப்பும் வினாக்கள் சில உள. அதனைத் தொகுத்தவர் யார்? தொகுப்பித்தவர் யார்? எவ்வெல்லைக்குள் நின்று தெரிவு செய்தனர்? எத்தகைய வாசகரை மனத்திற் கொண்டனர்? ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார் என்றும், தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்றும் பழைய குறிப்புக் கூறுகின்றது. தொகுத்தலும் தொகுப்பித்தலும் வேறுபட்ட இரு தொழில்கள் என்பதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். குறுந்தொகைக்கு 4 முதல் 8 வரை, நற்றிணைக்கு 9 முதல் 12 வரை, அகநானூற்றுக்கு 13 முதல் 31 வரை எனப் பெரும்பாலும் அடியளவு கொண்டே அகப்பாடல்கள் பகுக்கப்பட்டமை, பொருட் சிறப்போடு நீளமும் தெரிவினை நிருணயிக்கும் என்பதைப் புலப்படுத்தும்.

இலக்கிய மாணவருக்குப் பழக்கமான இவ்வினாக்களை, இலக்கியத்துக்குப் புறம்பானதெனக் கருதப்படும் ஒரு தொகுப்பை நோக்கி எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கணினியைத் தொழிற்படுத்தும் அடிப்படை மென்பொருளைப் பணிசெயல் முறைமை என்பர்; இயக்குதளம் எனவும் வழங்குவர். லினக்ஸ் மரபினைச் சேர்ந்த முறைமைகளில் மென்பொருள்கள் யாவும் பொதிகளாக வகுக்கப்பட்டுக் களஞ்சியம் ஒன்றிலே வைக்கப்படுகின்றன. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13 ஆம் பதிப்பின் களஞ்சியத்தில் 69,830 பொதிகள் உள்ளன. ஆயின், பயனர் தாமாக எதனையும் தெரிவு செய்யாதவிடத்து அவரது கணினியில் வந்தமைவன இவற்றுள் ஒரு சிறு பகுதியே. இதுவே இயல்புநிலை நிறுவல் எனப்படுவது.

எப்பொதி இயல்புநிலையில் இடம்பெற வேண்டும் என்பது தொழினுட்ப வல்லுநர் தீர்க்க வேண்டிய வினா என்பதே பொதுவான எண்ணம். இவ்வெண்ணம் முற்றும் பிழையன்று. எனினும் அது பாதியுண்மையே. பயனர் இன்னார், அவருக்கு வேண்டியது இன்னது, அவர் தாமாகவே தேடிப் பெறக்கூடியது இன்னது என்னும் மூன்று தீர்ப்புகள் ஒவ்வொரு தெரிவின் பின்னாலும் மறைந்து நிற்கின்றன. இத்தீர்ப்புகளை வெளிக்கொணர்ந்து மதிப்பிடுதல் விமரிசகரின் பணியாகும்.

1. எல்லையும் தெரிவும்

உபுண்டு முறைமையின் வரலாறு இவ்வகையிற் சிறந்த சான்றாகும். 2004 ஒக்டோபரில் முதன்முதல் வெளிவந்த உபுண்டு, ஓர் இறுவட்டில் அடங்கவேண்டும் என்னும் நியதியோடு பிறந்தது. ஏறத்தாழ 700 மெகாபைற் என்பதே அதன் பேரெல்லை. 2005 முதல் 2011 வரை, வேண்டியவர்க்கெல்லாம் இவ்விறுவட்டு உலகின் எப்பகுதிக்கும் இலவசமாக அஞ்சலில் அனுப்பப்பட்டது. இணைய இணைப்பு அரிதாகவும் மெதுவாகவும் இருந்த நாடுகளில், தபாலில் வந்த அவ்வட்டே பலருக்கு முறைமை முழுவதுமாக விளங்கியது. வட்டில் உள்ளது கையில் உள்ளது. வட்டில் இல்லாதது அவரைப் பொறுத்தவரை உலகிலேயே இல்லாதது.

இவ்வெல்லைக்குள் ஒன்று புகவேண்டுமாயின் மற்றொன்று வெளியேற வேண்டும். 2010 ஏப்ரலில் வெளியான 10.04 ஆம் பதிப்பிலிருந்து கிம்ப் என்னும் படத்தொகுப்பு மென்பொருள் நீக்கப்பட்டது. அது பெரும் வாதத்தைக் கிளப்பியது. நீக்கியோர் கூறிய நியாயங்கள் இருவகைப்பட்டன. அது மிகுந்த இடத்தை அடைக்கின்றது என்பது ஒன்று. அது தேர்ச்சி பெற்றோருக்குரிய கருவி, பொதுப் பயனருக்கு அதன் சிக்கல்கள் வேண்டா என்பது மற்றொன்று. முதலாவது அளந்தறியக்கூடியது. இரண்டாவதோ ஒரு கற்பனை. 'பொதுப் பயனர்' என்பவரைக் கண்டவர் எவருமில்லை. தொகுப்போர் தம் மனத்திலே தீட்டிக்கொண்ட ஓவியமே அவர். இந்நீக்கம் பிழையென இங்கு வாதிட முற்படவில்லை. இடப்பற்றாக்குறை என்னும் போர்வையின் கீழ் ஒரு மதிப்பீடு நிகழ்ந்தது என்பதே கவனத்திற்குரியது.

இவ்வுண்மை பின்னர் தெளிவாகவே வெளிப்பட்டது. 2012 ஒக்டோபரில் வெளியான 12.10 ஆம் பதிப்பு இறுவட்டின் எல்லையைக் கடந்தது. 2024 இல் வெளியான 24.04 ஆம் பதிப்பின் நிறுவற் கோப்பு 5 ஜிகாபைற்றிலும் பெரிது. எல்லை தளர்ந்தபின் தெரிவும் தளர்ந்து, எல்லாம் உள்ளே வந்திருத்தல் வேண்டும். நிகழ்ந்ததோ வேறு. 2023 ஒக்டோபரில் வந்த 23.10 ஆம் பதிப்பில், உலாவியும் சில அடிப்படைக் கருவிகளும் மட்டுமே இயல்புநிலையாயின. லிப்ரே ஒபிஸ் முதலிய அலுவலக மென்பொருள்களைப் பெற விரும்புவோர் முழு நிறுவலைத் தாமே தெரிவு செய்ய வேண்டியதாயிற்று. இடம் விரிந்தபோது தொகை சுருங்கியது. ஆகவே தெரிவினை இறுதியில் நிருணயிப்பது இடமன்று. பயனர் பற்றிய கருத்தே என்பது பெறப்படும்.

2. இரு அளவுகோல்கள்

கருத்து வேறுபடுமிடத்து அளவுகோல் வேண்டும். 1993 இல் இயன் மேர்டொக் தொடக்கிவைத்த டெபியன் திட்டம், தன்னார்வலரின் கூட்டுழைப்பால் இயங்குவது. அங்கே தொகுப்போர் உளர், தொகுப்பிக்கும் வேந்தர் இலர். அதன் கொள்கை ஏடு பொதிகளைக் கட்டாயமானவை, முக்கியமானவை, நியமமானவை, விருப்பத்திற்குரியவை என வரிசைப்படுத்துகின்றது. இவற்றுள் 'முக்கியமானவை' என்பதற்கு அது தரும் விளக்கம் சுவையானது. யுனிக்ஸ் மரபிலே தேர்ந்த ஒருவர் ஒரு பொதியைக் காணாதவிடத்து, 'இதென்ன, அஃது எங்கே போயிற்று?' எனத் திகைத்துக் கேட்பாராயின், அப்பொதி முக்கியமானது என்பதே அதன் சாரம்.

இலக்கண மரபிலே உயர்ந்தோர் வழக்கு என நாம் கற்பதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை. இவ்வளவுகோலின் சிறப்பு அதன் நேர்மை. யாருடைய திகைப்பு கணக்கிலெடுக்கப்படும் என்பதை அது மறைக்கவில்லை. அதன் குறைபாடும் அதுவே. முதன்முறை கணினியின் முன் அமரும் ஒருவர் தமக்கு வேண்டியதைக் காணாதபோது திகைப்பதில்லை. அப்படியொன்று இருக்கக்கூடும் என்பதே அவர் அறியாதது. திகைக்கத் தெரிந்தவரின் தேவை நிறைவேறும்; திகைக்கத் தெரியாதவரின் தேவை பதிவாகாது.

இதற்கு மாற்றாகப் பெரும்பான்மை என்னும் அளவுகோலை முன்வைப்போர் உளர். டெபியனில் அதற்கென ஒரு கணிப்பு உண்டு. இணங்கும் பயனரின் கணினியிலிருந்து, நிறுவப்பட்டுள்ள பொதிகளின் பட்டியல் குறித்த கால இடைவெளிகளில் அனுப்பப்பட்டுத் தொகுக்கப்படுகின்றது. எண்களாற் பேசுவதால் இது சனநாயகத் தன்மை வாய்ந்ததெனத் தோன்றும். ஆயின் இங்கே இரு குறைகள் உள. முதலாவதாக, இயல்புநிலையில் வந்த பொதி யாவருடைய கணினியிலும் இருப்பதால் அதுவே பட்டியலின் தலைப்பில் நிற்கும். பலரிடம் இருப்பதால் அதனைச் சேர்த்தோமா, சேர்த்ததால் பலரிடம் இருக்கின்றதா என்னும் வினாவுக்கு எண்கள் மட்டும் விடை தாரா. பாடத்திட்டத்தில் வைக்கப்பட்ட நூல் அதிகம் விற்பனையாவதைக் கொண்டு அதனை மக்கள் விரும்பும் நூலென முடிவுசெய்வது போன்றது இது. இரண்டாவதாக, இணைய இணைப்பில்லாத கணினி தன் பட்டியலை அனுப்ப மாட்டாது. இணைப்பற்றவர் வசதியில் மட்டுமன்றி எண்ணிக்கையிலும் இல்லாதவராகின்றனர்.

3. தொகுப்பிப்போரின் நலன்

தொகுப்போர் பின்னால் தொகுப்பிப்போர் நிற்குமிடத்து வினா மேலும் கூர்மையடைகின்றது. மைக்றோசொப்ற் நிறுவனம் தன் உலாவியை விண்டோஸ் முறைமையோடு பிணைத்து வழங்கியமை 1998 மே மாதம் அமெரிக்க அரசு தொடுத்த வழக்கின் மையப் பொருளாயிற்று. ஐரோப்பிய ஆணைக்குழு 2004 மார்ச்சில் அந்நிறுவனத்துக்கு 497 மில்லியன் யூரோ தண்டம் விதித்ததோடு, ஒலி ஒளி இயக்கி நீக்கப்பட்ட விண்டோஸ் பதிப்பொன்றையும் விற்குமாறு பணித்தது. அப்பதிப்பு ஏனையதன் விலைக்கே விற்கப்பட்டது, வாங்குவோர் அரிதாயினர். உலாவியைப் பயனரே தெரிவு செய்யும் திரையொன்று 2010 இல் ஐரோப்பாவிற் புகுத்தப்பட்டது. 2011 மே முதல் 2012 யூலை வரை விண்டோஸ் 7 இன் ஒரு பதிப்பில் அத்திரை காட்டப்படாது விடப்பட்டமையால், 2013 மார்ச்சில் மேலும் 561 மில்லியன் யூரோ தண்டம் விதிக்கப்பட்டது.

கட்டற்ற மென்பொருள் உலகமும் இதற்கு முற்றும் விலக்கன்று. உபுண்டுவைத் தொகுப்பிக்கும் கனோனிக்கல் நிறுவனம், 12.10 ஆம் பதிப்பில், பயனர் தம் கணினியினுள் தேடும் சொற்களுக்கு அமேசன் வணிகத்தளத்தின் பண்டங்களையும் விடையாகக் காட்டும் வசதியை இயல்புநிலையாக்கியது. தேடிய சொல் கணினியை விட்டு வெளியே செல்கின்றது என்ற கண்டனம் எழுந்தது. 2016 இல் வந்த 16.04 ஆம் பதிப்பிலேதான் அது இயல்பாக முடக்கப்பட்டது. இடைப்பட்ட காலம் முழுவதும் அதனை நிறுத்தும் வழி அமைப்புகளுள் இருந்தது உண்மை. ஆயின் இயல்புநிலையை மாற்றுவோர் மிகச் சிலரே என்னும் உறுதியின் மீதுதான் அவ்வேற்பாட்டின் பயனே தங்கியிருந்தது. தேடுபொறியாகத் தன்னையே இயல்பாக வைத்திருப்பதற்காகக் கூகுள் நிறுவனம் 2021 ஆம் ஆண்டில் மட்டும் 26.3 பில்லியன் டொலரைப் பிறருக்குச் செலுத்தியது என்பது அமெரிக்க வழக்கொன்றில் வெளிவந்த செய்தி. இயல்புநிலை வெறும் தொழினுட்ப விவரமாயின், அதற்கு இத்துணை விலை கொடுப்பார் எவர்?

4. 'வேண்டுவோர் பெறலாம்' என்னும் வாதம்

இதுவரை கூறியவற்றுக்கு எதிராக ஒரு வலிய வாதம் உண்டு. பழந்தொகைகளில் இடம்பெறாத பாடல்கள் பெரும்பாலும் அழிந்தொழிந்தன. இங்கே அவ்வாறன்று, விடுபட்ட பொதி களஞ்சியத்தில் இருக்கின்றது. ஒரு கட்டளையிட்டால் வந்துசேரும். ஆகவே இயல்புநிலை பற்றிய பூசல் வீண்பூசல் என்பர்.

இவ்வாதம் ஓரளவுக்கு மெய்யே. கிம்ப் நீக்கப்பட்டதால் எவரும் நிரந்தரமாக அதனை இழந்திலர். ஆயின் களஞ்சியத்தை அடைவதற்கே வேண்டிய பொருள்கள் சில உள. அவை விடுபடுமிடத்து இவ்வாதம் அடியோடு சரிந்துவிடும்.

டெபியனின் அண்மை வரலாற்றில் இதற்கு இரு சான்றுகள் காணலாம். கம்பியில்லா வலையிணைப்புக் கருவிகள் பல, அவற்றினுள்ளே ஏற்றப்படவேண்டிய சிறு நிரலொன்று இன்றி இயங்கமாட்டா. அதனை நிலைப்பொருள் என்பர். இந்நிரல்களுட் பலவற்றின் மூலத்தை உற்பத்தியாளர் வெளியிடுவதில்லை. முறைமை முற்றிலும் கட்டற்றதாகவே இருக்கும் என 1997 இல் தன் சமூக ஒப்பந்தத்தில் உறுதியளித்த டெபியன், அவற்றை உத்தியோகபூர்வ நிறுவற் கோப்பில் சேர்க்கவில்லை. விளைவு யாது? வலையிணைப்புப் பெற நிரல் வேண்டும். நிரலைப் பெற வலையிணைப்பு வேண்டும். வேறொரு கணினி உடையவர் அங்கே தரவிறக்கி இங்கே கொணர்ந்தார். ஒரே கணினி உடையவர் வாயிலிலேயே நின்றார். 2022 ஒக்டோபரில் நிறைவுற்ற வாக்கெடுப்பில் உறுப்பினர் இந்நிலையை மாற்றினர். 2023 யூனில் வெளியான 12 ஆம் பதிப்பிலிருந்து அந்நிரல்கள் நிறுவற் கோப்பிலேயே அடங்குகின்றன. கொள்கைத் தூய்மை குன்றியதெனக் கவன்றோரின் கவலை போலியானதன்று. எனினும், அத்தூய்மைக்கான விலையைச் செலுத்தி வந்தவர் அதனைத் தெரிவு செய்தவரல்லர் என்பதையும் நோக்குதல் வேண்டும்.

மற்றையது திரைச்சூழல் பற்றியது. முதலாம் இறுவட்டில் எளிதில் அடங்கும் என்பது உள்ளிட்ட காரணங்களால், 2012 இலும் 2013 இலும் க்னோம் என்னும் திரைச்சூழலுக்குப் பதிலாகச் சிறியதான எக்ஸ்எப்சிஈ இயல்புநிலையாகக் குறிக்கப்பட்டது. 2014 செப்டெம்பரில் க்னோமே மீண்டும் இயல்புநிலையாயிற்று. இம்மாற்றத்தைச் செய்த ஜோயி ஹெஸ் காட்டிய காரணங்களுள் முதன்மையானது, உடற்குறைபாடுடையோர் அணுகுவதற்கான வசதியாகும். பார்வையற்ற ஒருவருக்குத் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் வாசிப்பான் வேண்டும். அது களஞ்சியத்தில் இருப்பதால் அவருக்குப் பயனில்லை. களஞ்சியத்தைத் திறக்கும் திரையையே அவர் வாசிக்க இயலாதவர் அல்லவா? இங்கே அளவு என்னும் நியாயத்தை மனிதத் தேவை என்னும் நியாயம் வென்றது. பொதித் தெரிவின் வரலாற்றிலே போற்றத்தக்க தீர்ப்பு இது என்பேன்.

இவ்விரு சான்றுகளிலிருந்தும் ஒரு விதியை வகுத்தல் கூடும். பலர் விரும்புவது எது, வல்லுநர் எதிர்பார்ப்பது எது என்பன இரண்டாம் நிலை வினாக்கள். எது இல்லாதவிடத்து ஏனையவற்றைப் பெறுதலும் இயலாதோ, அதுவே முதற்கண் இடம்பெறத்தக்கது. ஏணியை மாடியில் வைத்துவிட்டு, வேண்டுவோர் ஏறிவந்து எடுத்துக்கொள்ளலாம் என்பது உதவியாகாது.

5. மொழி என்னும் ஏணி

ஏணியாகும் பொருள்களுள் மொழியும் ஒன்று. 2001 இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியின் ஆங்கிலப் பதிப்பிலே தமிழைச் சரிவரக் காட்டுவதற்கான கோப்புகள் இறுவட்டில் இருந்தன; ஆயின் இயல்பாக நிறுவப்படவில்லை. மொழி அமைப்புகளுட் சென்று, சிக்கலான எழுத்து முறைகளுக்குரிய சிறு கட்டமொன்றில் அடையாளமிட்டு, மூல இறுவட்டையும் இட்டாலன்றி அவை வாரா. அதுவரை தமிழ் கட்டங்களாகவோ, கொம்பும் காலும் இடம்மாறிய குறைவடிவங்களாகவோ தோன்றும். அடையாளமிடாத அக்கட்டம், 'இக்கணினியின் பயனர் தமிழ் வாசியார்' என்னும் ஓர் ஊகமாகும். 2007 ஜனவரியில் விற்பனைக்கு வந்த விஸ்டாவிலேதான் அவ்வூகம் கைவிடப்பட்டது. ஒருங்குறி வந்த பின்னரும் இலங்கையிலே பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் நெடுங்காலம் நீடித்தமைக்குக் காரணங்கள் பல. தமிழ் இயல்புநிலையில் இல்லாமை அவற்றுள் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தும்.

டெபியனில் நிறுவும் மொழியாகத் தமிழைத் தெரிவு செய்தால் தமிழுக்குரிய பொதித்தொகுதி உடன்வரும். ஆங்கிலத்திலே நிறுவித் தமிழிலே எழுத விரும்புவோருக்கு அது தானாக வராது. நிறுவும் மொழியும் வாழும் மொழியும் ஒன்றே என்னும் எடுகோள் இங்கு தொழிற்படுகின்றது. ஆங்கிலம் வழியாகக் கணினியைக் கற்றுத் தமிழிலே கடிதம் எழுதும் நம்மவருக்கு இவ்வெடுகோள் பொருந்தாது.

லினக்ஸ் முறைமைகளின் பொதுவான விசைப்பலகைத் தொகுதியில் மற்றுமொரு நுண்ணிய சான்றுண்டு. அங்கே அமைப்புகள் நாடுவாரியாகக் கோப்புகளில் வைக்கப்பட்டுள்ளன. இலங்கைக்குரிய கோப்பில் சிங்கள அமைப்பே அடிப்படை. தமிழ் அதன் கீழே ஒரு வேற்றமைப்பாக நிற்கின்றது. இந்தியாவுக்குரிய கோப்பிலும் தமிழ் வேற்றமைப்புகளுள் ஒன்றே. இதனை எவருடைய வஞ்சனையென்றும் கொள்ளுதல் தகாது. தமிழ் அங்கே இருக்கின்றது. தெரிவு செய்தால் இயங்குகின்றது. நாட்டுக்கு ஒரு கோப்பு, கோப்புக்கு ஓர் அடிப்படை அமைப்பு என்னும் ஒழுங்கின் விளைவே இது. ஆயின் அவ்வொழுங்கு, நாடொன்றுக்கு மொழியொன்று என்னும் கருத்தை மறைவாகச் சுமந்து நிற்கின்றது. தீய நோக்கம் எவருக்கும் இல்லாதபோதும் ஒரு வகுப்பார் 'வேறு' என்னும் தலைப்பின் கீழ் வைக்கப்படலாம் என்பதை இஃது உணர்த்தும்.

6. சிறுமையின் சிறப்பு

இவ்வாறாயின் எல்லாவற்றையும் எல்லார்க்கும் சேர்த்துவிடலாமே எனின், அதுவும் தீர்வன்று. சேர்க்கப்படும் ஒவ்வொரு பொதியும் பராமரிக்கப்பட வேண்டியது. ஒவ்வொன்றும் பகைவர் புகக்கூடிய ஒரு வாயில். ஓபன்பிஎஸ்டி என்னும் முறைமை தன் இயல்புநிலை நிறுவலில் தொலைவிலிருந்து ஊடுருவத்தக்க குறைபாடு எதுவும் இல்லையெனப் பெருமை கூறிவந்தது. 2002 இல் ஒன்று எனவும் 2007 இல் இரண்டு எனவும் அக்கூற்றைத் திருத்தி எழுதவேண்டி நேர்ந்தது. எனினும், பயனர் கேளாத எச்சேவையும் தானாக இயங்கலாகாது என்னும் அதன் கொள்கை இன்றும் சிறந்த முன்மாதிரியாகும். தன் தவறுகளின் எண்ணிக்கையைத் தன் முகப்பிலேயே பொறித்துக்கொள்ளும் நேர்மை பிறர்க்கும் வாய்க்குமாயின் நன்று.

ஆகவே சிறிய தொகை நல்லதா, பெரிய தொகை நல்லதா என்னும் வினா பயனற்றது. சிறியதாயின் எதனைக் கொண்டு சிறியது என்பதே வினா. உலாவியை மட்டும் தந்து ஏனையவற்றை இணையத்திற் பெறுக என்பதும் சிறுமை. வலையிணைப்பு நிரலும், திரை வாசிப்பானும், பயனரின் மொழியைக் காட்டும் எழுத்துருவும், அதனை எழுதும் விசைப்பலகையும் தந்து ஏனையவற்றை அவரவர் விருப்பிற்கு விடுவதும் சிறுமை. முன்னையது இருப்போரை நோக்கிச் சுருங்குவது. பின்னையது இல்லாதோரை நோக்கிச் சுருங்குவது. எழுத்துரு ஒன்று சில நூறு கிலோபைற்றுக்குள் அடங்கும். 5 ஜிகாபைற்றைக் கடந்த கோப்பிலே அதற்கு இடமில்லை என எவரும் கூற இயலாது.

தொகுப்போர் பெரும்பாலும் ஊதியமின்றி உழைப்பவர். அவர்தம் உழைப்பின் மீது நிற்போர் நாம். அவர்களைக் குறைகூறுதல் இவ்வாய்வின் கருத்தன்று. ஆயின் பொதிகளைச் சேர்ப்பது பற்றியும் நீக்குவது பற்றியும் நிகழும் விவாதங்களில் தமிழ் பேசுவோரின் குரல் கேட்டாலன்றி, 'பொதுப் பயனர்' என்னும் ஓவியத்தில் நம் சாயல் ஏறாது. அவ்விவாதங்கள் திறந்த மன்றங்களிலேயே நிகழ்கின்றன. குறைகளைப் பதிவு செய்வதற்கும் பொதியொன்றின் பராமரிப்பை ஏற்பதற்கும் யாவருக்கும் வழியுண்டு. பொறியியற் பீடத்தினர் மட்டும் இதனைச் செய்யட்டும் என இருத்தல் கலைப்பீடத்தார்க்குத் தகாது. தொகை நூல்களைத் தொகுத்தோரின் பெயர்களை மனனம் செய்வதோடு அமையாது, இன்றைய தொகைகளைத் தொகுப்போருள் நாமும் ஒருவராதல் வேண்டும்.